ஔவையாருக்கு முந்தைய கே. பி. சுந்தராம்பாள்

காவிரிக்கரையான் எழுதியது:

போன வாரம் வீட்டில் 'திருவிளையாடல்' ஓடிக்கொண்டிருந்தது. ஔவையாராகக் கே. பி. சுந்தராம்பாள் வந்து பாடத் தொடங்கியதும் பத்து வயது மகள் அடுப்படியிலிருந்து ஓடி வந்து, "இந்தப் பாட்டி நம்ம ஊர்தானே அப்பா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "பாட்டி ஆன பிறகுதான் நடிக்க வந்தார்களா?" என்று அடுத்த கேள்வி. அதற்குப் பதில் சொல்ல எனக்கு அரை மணி நேரம் ஆனது. சொல்லி முடித்த பிறகும் விட்டுப்போனதே அதிகம் என்று மனம் உறுத்தியதால் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

நான் கொடுமுடிக்காரன். கே. பி. என்ற எழுத்துகளுக்குக் கொடுமுடி பாலாம்பாள் என்று பொருள். பாலாம்பாள் அவருடைய தாய். ஊர்ப் பெயரையும் தாய் பெயரையும் முன்னால் வைத்துக்கொண்டு வாழ்ந்தவர். 1908இல் பிறந்தார். வறுமை என்றால் அடுத்த வேளைச் சோற்றுக்கு வழி தெரியாத வறுமை. ஈரோட்டிலிருந்து கரூர் போகும் ரயில் எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. ரயிலில் பாடிக் காசு வாங்கிய சிறுமி அவர். அந்தக் குரலைக் கேட்டவர்கள் வழியாகத்தான் வேலு நாயர் நாடகக் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தார்.

முதலில் கிடைத்தது 'நல்லதங்காள்' நாடகத்தில் ஆண் பிள்ளை வேடம். பசி பொறுக்க முடியவில்லை என்று தாயிடம் அழுதுகொண்டே பாட வேண்டும். அந்தப் பாட்டைக் கேட்டுக் கொட்டகையில் பெண்கள் விம்மி அழுதார்கள் என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். அதற்குப் பிறகு வள்ளி, பவளக்கொடி என்று ஸ்திரீபார்ட்டுகள், அதாவது நாயகி வேடங்கள், வந்தன. ராஜபார்ட் என்னும் நாயகன் வேடமும் கட்டினார்.

ஜெமினியின் 'ஔவையார்' வெளிவந்தது 1953இல். அப்போது அவருக்கு வயது 45. மேடை ஏறி முப்பத்தைந்து ஆண்டுகள் போல ஆகியிருந்தன. நாம் நினைவில் வைத்திருக்கும் வெள்ளைப் புடவையும் திருநீறும் தடியும் அந்த நெடிய வாழ்க்கையின் பின்பகுதி மட்டுமே. கே.பி.எஸ். முதலில் ஒரு நாடக நடிகை. பாடகி, திரைப்பட நடிகை, மேலவை உறுப்பினர் என்பதெல்லாம் அந்த மரத்தில் கிளைத்தவை. வேரைப் பற்றித் தெரிந்தவர்கள் இங்கே எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.


இசைத்தட்டு விரும்பி எழுதியது:

நல்ல இழை. வேரைப் பற்றிப் பேசினால் அவருடைய கணவரும் நாடகப் பாடகருமான எஸ். ஜி. கிட்டப்பாவைப் பற்றிப் பேசாமல் முடியாது.

1926இல் கொழும்பில்தான் இருவரும் முதன்முதலாகச் சேர்ந்து நடித்தார்கள். அப்போதே இருவருக்கும் பெயர் இருந்தது. அந்தப் பெண்ணோடு மேடையேறினால் உன் பாட்டு எடுபடாது என்று கிட்டப்பாவை எச்சரித்தவர்களும் உண்டாம். இரண்டு பேரும் பின்வாங்கவில்லை. 'வள்ளி திருமணம்' நடந்தது. அடுத்த ஆண்டு, 1927இல், மாயவரம் கோயிலில் மணம் செய்துகொண்டார்கள்.

எங்கள் வீட்டில் தாத்தா வாங்கி வைத்த கிராமபோன் பெட்டி இன்னும் ஓடுகிறது. சாவி கொடுத்துத் தட்டை வைத்து ஊசியை இறக்கினால் முதலில் எண்ணெயில் வடகம் பொரிகிற மாதிரி ஓர் இரைச்சல். பத்து விநாடிக்குள் அந்த இரைச்சலைக் கிழித்துக்கொண்டு கிட்டப்பாவின் குரல் எழும்பும். எழும்பும் என்று சொன்னது சரிதான். ஏணியில் ஏறுகிறவர் படிப்படியாக ஏறுவார். இவர் முதல் அடியிலேயே மேல் சட்சமத்தில் போய் நின்றுகொண்டு அங்கிருந்து பிருகா என்னும் அதிவேகச் சுரக் கோவைகளை உதிர்ப்பார். தியாகையரின் 'எவரனி', வள்ளலாரின் 'கோடையிலே' விருத்தம் இரண்டையும் கேட்டுப் பாருங்கள். மறுநாள் வேலைக்குப் போகும்போதும் காதில் அதுதான் ஒலித்துக்கொண்டிருக்கும்.

ஆனால் ஒரு பக்கம் மூன்று மூன்றரை நிமிடம்தான் ஓடும். மேடையில் ஒரு விருத்தத்தைக் கால் மணி நேரம் விரித்துப் பாடிய மனிதரை அந்த மூன்றரை நிமிடத்துக்குள் அடைத்து வைத்திருக்கிறார்கள். சுந்தராம்பாள் தட்டுகளுக்கும் அதே கதைதான். வேடனும் வள்ளியும் எதிரெதிரே நின்று, ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் பிடித்துக்கொண்டு, கொட்டகை 'ஒன்ஸ்மோர்' கேட்க, மறுபடியும் அதே அடியை வேறு விதமாக வளைத்துப் பாடுவது எப்படி இருந்திருக்கும்! அது எந்தத் தட்டிலும் இல்லை. நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கிறது.


பெட்டிக்காரர் மகன் எழுதியது:

வணக்கம். என் தந்தை புதுக்கோட்டைப் பக்கத்தில் நாற்பது ஆண்டுகளாக ஸ்பெஷல் நாடகத்துக்கு ஆர்மோனியம் வாசிக்கிறார். எங்கள் வட்டாரத்தில் ஆர்மோனியத்தைப் 'பெட்டி' என்றுதான் சொல்வார்கள். கே.பி.எஸ்., கிட்டப்பா இருவரும் எப்படிப்பட்ட மேடையில் நின்றார்கள் என்பது தெரிந்தால்தான் அவர்கள் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்பது புரியும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கம்பெனி நாடகம் என்றால் ஒரே கூட்டம் ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாகத் தூங்கி, வாத்தியாரிடம் பாடம் கேட்டு, ஒத்திகை பார்த்து நடிப்பது. ஸ்பெஷல் நாடகம் அப்படி அல்ல. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட் இன்னோர் ஊர். பபூன், அதாவது கோமாளி, வேறோர் ஊர். ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி அழைப்பார்கள். ஒத்திகை கிடையாது. பல நேரங்களில் அன்று இரவு மேடையில்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அப்படியிருந்தும் இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும் வரை நாடகம் ஓட வேண்டும். அது ஓடுகிறது என்றால் அதற்குக் காரணம், நாடகம் எல்லோருடைய நெஞ்சிலும் இருக்கிறது. நெஞ்சில் வைத்துவிட்டுப் போனவர் நாடக ஆசிரியர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள். 1867இல் தூத்துக்குடியில் பிறந்து 1922இல் புதுச்சேரியில் மறைந்தவர். இன்றும் எங்கள் வீட்டில் விளக்கேற்றும்போது அவர் படத்துக்கும் சேர்த்துத்தான் பூப்போடுவோம்.

'வள்ளி திருமணம்' அவருடையதுதான். அதில் தர்க்கம் என்று ஒரு பகுதி உண்டு. நாரதர் வந்து வள்ளியிடம் வாதம் செய்வார். பாட்டாலேயே கேள்வி, பாட்டாலேயே பதில். சுவாமிகள் எழுதிய அடிகள் ஒரு பங்கு, நடிகர்கள் அந்த நேரத்தில் இட்டுக் கட்டுவது ஒரு பங்கு. எதிரில் நிற்பவர் புராணத்திலிருந்து ஒரு கேள்வியைத் தூக்கிப் போட்டால் தாளம் தப்பாமல் பதில் வர வேண்டும். வராவிட்டால் கூட்டத்துக்குத் தெரிந்துவிடும். முன்வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் கிழவிக்குக்கூடத் தெரிந்துவிடும்.

இன்னொன்று சுருதி. நாடகத்தில் ஆணுக்கு ஒரு சுருதி, பெண்ணுக்கு ஒரு சுருதி என்று மாற்றிக்கொண்டிருக்க முடியாது. தர்க்கத்தில் ஒருவர் முடித்த மூச்சிலேயே அடுத்தவர் எடுக்க வேண்டும். பெட்டி ஒரே சுருதியில்தான் நிற்கும். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கடைசி ஆளுக்கும் கேட்க வேண்டுமானால் அந்தச் சுருதி உயரத்தில் இருக்க வேண்டும். கிட்டப்பாவுக்கு அந்த உயரம் பிறவியிலேயே வாய்த்தது. பெண்களில் அதற்கு ஈடு கொடுத்து, வார்த்தை ஒன்றுகூடச் சிதையாமல் பாடியவர் கே.பி.எஸ். என்று அப்பா சொல்வார். 'அந்த அம்மா பாடினால் எழுத்து எண்ணலாம்' என்பது அவர் வாக்கியம். ழகரமும் றகரமும் தனித்தனியாக வந்து விழும். இதைச் சபாக் கச்சேரியில் கற்றுக்கொள்ள முடியாது. பொருள் புரியாவிட்டால் எழுந்து போய்விடும் கூட்டத்தின் முன்னால் நின்று பாடிப் பாடி வந்த பழக்கம் அது.


குற்றாலச்சாரல் எழுதியது:

செங்கோட்டைக்காரன் என்ற முறையில் கிட்டப்பா பற்றி நானும் சில வரிகள் எழுத ஆசைப்படுகிறேன். இயற்பெயர் ராமகிருஷ்ணன். பிறந்தது 1906. உடன்பிறந்தவர்களும் நாடகத்தில் இருந்தார்கள். அண்ணன் காசி ஐயர் பெட்டி வாசிக்க, தம்பி பாடுவது என்பது அந்தக் குடும்பத்தின் ஏற்பாடு. சிறுவனாகச் சங்கரதாஸ் சுவாமிகளிடம் இருந்து, பிறகு கன்னையா கம்பெனிக்குப் போனார். கன்னையா காட்சி ஜோடனையில் மன்னர். 'தசாவதாரம்' நாடகத்தை அவர் மேடையில் போட்ட விதத்தைப் பற்றி ஊர் ஊராகப் பேசுவார்கள். அந்தப் பட்டுப் படுதாக்களுக்கும் மின்னும் மகுடங்களுக்கும் நடுவிலும் ஜனங்கள் டிக்கெட் வாங்கியது கிட்டப்பாவின் தொண்டைக்காக.

1933 டிசம்பர் 2ஆம் தேதி காலமானார். வயது 27. எல்லாச் சாதனையும் அந்த 27 வயதுக்குள் முடிந்துவிட்டது. ஒரு பேசும் படத்தில்கூட அவர் இல்லை. பின்னால் நடிகரும் பாடகருமான டி. ஆர். மகாலிங்கம் பாடியபோது கிட்டப்பா திரும்பி வந்துவிட்டார் என்று பெரியவர்கள் கண் கலங்கினார்கள் என்றால், இழப்பு எவ்வளவு ஆழமாக இறங்கியிருந்தது என்று பாருங்கள்.

கே.பி.எஸ். அம்மையாருக்கு அப்போது 25 வயது. அன்று உடுத்திய வெள்ளைப் புடவையைக் கடைசி வரை மாற்றவில்லை. இனி எந்த ஆணுடனும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். 1980இல் மறையும் வரை அந்த முடிவில் நின்றார். ஏறக்குறைய 47 ஆண்டுகள். இப்படி ஒரு வைராக்கியத்தை எங்கே பார்க்க முடியும்?


மதுரை மாணவி எழுதியது:

எல்லோரும் பெரியவர்கள். தவறாக நினைக்க வேண்டாம். நான் நாடகம் பற்றி ஆய்வு செய்யும் மாணவி. கே.பி.எஸ். பற்றிப் படிக்கும்போதெல்லாம் இந்த இடத்தில் எனக்குத் தொண்டையில் முள் சிக்குகிறது.

25 வயதுப் பெண். அந்தக் காலத் தமிழ் மேடையின் உச்சத்தில் இருந்தவர். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே 1924இல் திருமணம் ஆகியிருந்தது. கிட்டம்மாள் என்ற மனைவி இருந்தார். அவருடைய துயரத்தை யாரும் பேசுவதே இல்லை. கிட்டப்பாவும் கே.பி.எஸ்.ஸும் எழுதிக்கொண்ட கடிதங்கள் அச்சில் வந்திருக்கின்றன. அவற்றில் அன்பு இருக்கிறது. கோபமும் ஏக்கமும் மனத்தாங்கலும் அதற்குக் குறையாமல் இருக்கின்றன. இதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, வெள்ளைப் புடவையை மட்டும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். மனைவி இறந்த எந்த ராஜபார்ட் நடிகரும் இனிமேல் ஸ்திரீபார்ட்டோடு நிற்க மாட்டேன் என்று சொன்னதில்லை. அவரிடம் யாரும் அதை எதிர்பார்க்கவும் இல்லை.

வைராக்கியம் என்று நாம் புகழும்போது, தமிழ் மேடை தன் மிகச் சிறந்த வள்ளியை இழந்துவிட்டது என்பதற்காக வருந்தக்கூட மறந்துவிடுகிறோம். எனக்கு அந்த வருத்தம்தான் பெரிது.


காவிரிக்கரையான் எழுதியது:

மகளே, தவறாக நினைக்க ஒன்றும் இல்லை. உன் கேள்வியை இரண்டு நாட்களாக மனத்தில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தேன். கிட்டம்மாள் பற்றி நீ சொன்னது முழுக்க நியாயம். நான் அதை எழுதாமல் விட்டது தவறு.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த முடிவைக் கணவன் மேல் கொண்ட பக்தி என்று மட்டும் நான் பார்க்கவில்லை. நாடகத்தில் நடித்த பெண்ணை அந்தக் காலம் எப்படி நடத்தியது? கொட்டகையில் கைதட்டுவார்கள். மறுநாள் அதே வாயால் இழிவாகப் பேசுவார்கள். இரவெல்லாம் வள்ளியாக நின்றவளுக்குப் பகலில் தங்க வீடு கொடுக்கத் தயங்குவார்கள். துணையும் போய்விட்ட ஓர் இளம்பெண் அந்த உலகத்தில் தொழிலை விடாமல், யாருக்கும் கட்டுப்படாமல், தலைநிமிர்ந்து நடக்க என்ன வழி? வெள்ளைப் புடவையும் திருநீறும் கதரும் சேர்ந்து அவரைச் சுற்றி ஒரு மதிலை எழுப்பின. அந்த மதிலுக்குள் நின்றுகொண்டு அவர் தன் நிபந்தனைகளைத் தானே விதித்தார். இதை நான் அப்படித்தான் படிக்கிறேன்.

'நந்தனார்' படத்தையே பார். 1935. தயாரிப்பாளர் அசன்தாஸ் விடாமல் கேட்கிறார். இவருக்குச் சினிமாவில் நாட்டமில்லை. கேட்பவரை ஒரேயடியாகத் திருப்பி அனுப்ப ஒரு லட்சம் ரூபாய் வேண்டும் என்று சொல்கிறார். அவரோ சரி என்றுவிடுகிறார்! இந்தியாவில் அதுவரை எந்த நடிகையும் வாங்காத தொகை. வேடம்? நந்தனார். ஆண் வேடம். ஜோடி என்ற பேச்சுக்கே இடமில்லை. வேதியராக நடித்தவர் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். ராஜபார்ட் கட்டிப் பழகிய பெண்ணுக்கு அது மேடையின் தொடர்ச்சிதான். பிறகு மணிமேகலை, ஔவையார், 'பூம்புகா'ரில் கவுந்தி அடிகள், காரைக்கால் அம்மையார். எல்லாமே ஆணின் பக்கத்தில் நிற்கத் தேவையில்லாத பாத்திரங்கள். மணிமேகலையும் ஔவையும் கவுந்தியும் தமிழ் மரபில் தனித்து நடந்த பெண்கள். அந்த வரிசையைத் தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ரயிலில் காசுக்குப் பாடிய சிறுமி 1951இல் சென்னை மாகாண மேலவைக்குள் உறுப்பினராக நடந்து போனார். கொடுமுடியில் தன் பெயரில் ஒரு திரையரங்கு கட்டினார். அதன் வாசலில் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கியவன் நான்.


வடமராட்சி வாசகி எழுதியது:

கொழும்பில் இருவரும் சந்தித்தார்கள் என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். எங்கள் பக்கத்துக் கதையையும் சொல்ல அனுமதியுங்கள். நான் பிறந்தது யாழ்ப்பாணத்தில், இப்போது இருப்பது டொரொன்ரோவில்.

தமிழ்நாட்டு நாடகக் குழுக்கள் கடல் கடந்து கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் அந்தக் காலத்தில் வந்து போய்க்கொண்டே இருந்தன. வந்தவர்கள் மாதக்கணக்கில் தங்கி ஆடினார்கள். பார்த்தவர்கள் பாட்டுகளைப் பிடித்துக்கொண்டார்கள். நாளடைவில் எங்கள் ஊர்க் கலைஞர்களே அரிச்சந்திரா, வள்ளி திருமணம், பவளக்கொடி, நந்தனார் என்று ஆடத் தொடங்கினார்கள். நாங்கள் அதை இசை நாடகம் என்போம். காங்கேசன்துறையில் நடிகமணி வி. வி. வைரமுத்துவின் 'மயான காண்டம்' பார்க்காதவர்கள் அந்தத் தலைமுறையில் குறைவு. சுடலையில் அரிச்சந்திரன் நின்று பாடும்போது கோயில் வீதி முழுக்க மூச்சுச் சத்தம்கூடக் கேட்காது. அடுத்த நாள் காலையில் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைப்பவர்கள் அதே பாட்டைத்தான் பாடுவார்கள்.

என் அம்மம்மா சுந்தராம்பாளை மேடையில் பார்த்ததில்லை. தட்டில் கேட்டுத்தான் பாடமாக்கினார். வள்ளி தினைப்புனத்தில் ஆலோலம் பாடிப் பறவை விரட்டும் பாட்டை நெல் காயப்போட்ட முற்றத்தில் இருந்து பாடுவார். கையில் உண்மையாகவே காக்கை விரட்டும் தடி இருக்கும். எனக்கு வள்ளி என்றால் இன்றைக்கும் அம்மம்மாவின் அந்த முற்றம்தான்.

மதுரைத் தங்கைக்கு ஒரு வார்த்தை. தமிழ் மேடை தன் வள்ளியை இழந்தது என்று எழுதியிருந்தீர்கள். அதை வாசித்ததும் அம்மம்மாவின் குரல் காதில் கேட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது.


திருச்சி ரசிகன் எழுதியது:

ஒரு சந்தேகம். 'நந்தனார்' பெரிய வெற்றி என்று ஒரு பக்கம் படித்தேன். பத்திரிகைகள் கடுமையாகத் தாக்கின என்று இன்னொரு பக்கம் படித்தேன். எது சரி?


இசைத்தட்டு விரும்பி எழுதியது:

திருச்சி நண்பருக்கு: ஆனந்த விகடனில் கல்கி எழுதிய விமர்சனம் மிகக் கடுமையானது. படத்தில் வரும் பனைமரமும் எருமைக்கடாவும்தான் நன்றாக நடித்திருக்கின்றன என்ற பொருளில் எழுதினார். அந்தப் பேனாவின் முன்னால் தப்பியவர்கள் குறைவு.

ஆனால் எனக்கு அதில் ஒரு மனக்குறை உண்டு. மேடை நடிப்பை அளக்கும் கோலை வைத்துக்கொண்டு திரையை அளந்தாலும் தவறு, திரையை அளக்கும் கோலால் மேடைக் கலைஞரை அளந்தாலும் தவறு. ஆயிரம் பேர் உட்கார்ந்த கொட்டகையின் கடைசி வரிசைக்காகத் தயாரான உடலும் குரலும் அவருடையவை. கையை உயர்த்தினால் தோளிலிருந்து உயர்த்துவார். பக்கத்தில் இருக்கும் காமிராவுக்கு அது அதிகம்தான். அந்தக் காலத்தில் மேடையிலிருந்து திரைக்குப் போன எல்லோரும் இந்தக் கடலை நீந்திக் கடந்தவர்கள். 1953இல் 'ஔவையார்' வரும்போது பாருங்கள். கை அசைவு குறைந்திருக்கும். முகம் அமைதியாகியிருக்கும். பாட்டு மட்டும் அதே மேடைப் பாட்டு. உச்சியில் நின்று வார்த்தையைத் தெளிவாக உடைத்துக் கொடுக்கும் அதே முறை. 1969இல் 'துணைவன்' படத்தில் பாடியதற்குத் தேசிய விருது கிடைத்தபோது வயது அறுபதைத் தாண்டியிருந்தது. அறுபது வயதில் அந்தச் சுருதி! அடுத்த ஆண்டு பத்மஸ்ரீ.


பெட்டிக்காரர் மகன் எழுதியது:

நேற்று அப்பாவுக்கு இந்த இழை முழுவதையும் படித்துக் காட்டினேன். மதுரைச் சகோதரி எழுதியதை இரண்டு முறை படிக்கச் சொன்னார். பிறகு, "அந்தப் பெண் கேட்பது சரி. ஆனால் நாடகக்காரர்கள் எல்லோரும் ஏதோ ஒன்றைக் கொடுத்துத்தான் மேடையில் நின்றார்கள் என்றும் எழுது" என்றார். அவர் சொன்னவர்களில் ஒருவரைப் பற்றி எழுதுகிறேன்.

விஸ்வநாத தாஸ். சிவகாசியில் 1886இல் பிறந்தவர். முருகன் வேடத்தில் பாடிக்கொண்டிருப்பார். வள்ளி விரட்டும் பறவையை வெள்ளைக்காரக் கொக்காக மாற்றிப் பாட்டை வெள்ளையன் மேல் திருப்பிவிடுவார். போலீஸ் மேடையில் ஏறும். சிறைக்குப் போவார். வெளியில் வந்ததும் மறுபடியும் அதே பாட்டு. 1940 டிசம்பர் 31ஆம் தேதி சென்னையில் முருகன் வேடத்தில் மேடையில் இருந்தபோதே உயிர் பிரிந்தது. ஒப்பனையைக் கலைக்க நேரமில்லாமல் போன மரணம். ஒவ்வொரு முறை இதைச் சொல்லும்போதும் அப்பா பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

கே.பி.எஸ். அம்மாவும் காங்கிரஸ் மேடைகளில் பாடியவர். காங்கிரஸ் தலைவர் தீரர் சத்தியமூர்த்தியின் ஊக்கம் அதற்குப் பின்னால் இருந்தது. காந்தி கொடுமுடியில் அவர் வீட்டுக்கு வந்த கதையைக் காவிரிக்கரையான் ஐயா எழுத வேண்டும். அது உங்கள் ஊர்க் கதை.


காவிரிக்கரையான் எழுதியது:

எழுதுகிறேன். 1937. காந்தி அந்த வழியாகப் பயணம் போகிறார். சத்தியமூர்த்தி கேட்டுக்கொண்டதால் கொடுமுடியில் இறங்குகிறார். கே.பி.எஸ். தங்கத் தட்டில் உணவு பரிமாறுகிறார். சாப்பாடு மட்டும்தானா, தட்டு இல்லையா என்று காந்தி கேட்கிறார். மறு பேச்சில்லாமல் தட்டையும் கொடுத்துவிடுகிறார் அம்மா. காந்தி அதை ஏலம் விட்டு நிதியில் சேர்த்துவிடுகிறார். எங்கள் ஊரில் இந்தக் கதையைத் தெரியாத பிள்ளை இருக்க முடியாது.

என் பாட்டி இதை வேறு விதமாகச் சொல்லி முடிப்பார். ரயில் பெட்டியில் பசிக்காகக் கை நீட்டிய குழந்தை வளர்ந்து, கேட்டவருக்குச் சோற்றோடு தட்டையும் எடுத்துக் கொடுத்தது என்பார். பாட்டி பள்ளிக்கூடம் போனதில்லை.


மதுரை மாணவி எழுதியது:

காவிரிக்கரையான் ஐயா, வேடங்களின் வரிசையைப் பற்றி நீங்கள் எழுதியதைக் குறித்து வைத்துக்கொண்டேன். நந்தனாரிலிருந்து காரைக்கால் அம்மையார் வரை அந்தக் கோணத்தில் நான் பார்த்ததே இல்லை. ஆய்வில் ஓர் இயலை மாற்றி எழுத வேண்டியிருக்கும்.

ஆனாலும் என் வருத்தத்தை முழுமையாக விட முடியவில்லை. மதில் கட்டிக்கொண்டது அவருடைய திறமை என்பதை ஒப்புக்கொள்கிறேன். மதில் இல்லாமல் வாழ முடியாதபடி அந்தக் காலம் இருந்தது என்பதையும் அதே வரியில் எழுத வேண்டும். இன்று ஸ்பெஷல் நாடகத்தில் நடிக்கும் பெண்களிடம் பேசும்போது அவர்கள் சொல்வதும் அதேதான். நாடகம் முடிந்து விடியற்காலை பஸ்ஸுக்காக நிற்கும் நேரம்தான் கடினமானது என்கிறார்கள். முகத்தில் அரிதாரம் முழுவதுமாகப் போயிருக்காது. பஸ்ஸில் ஏறினால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். அதனால் போர்வையால் தலையை மூடிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்வார்களாம். ஓர் அக்கா தன் பையில் எப்போதும் தேங்காய் எண்ணெயும் பழைய துணியும் வைத்திருக்கிறார். பஸ் வருவதற்குள் கழுத்து, காது மடல் எல்லாம் துடைத்துவிட வேண்டும் என்றார். முந்தின இரவு அவர் வள்ளியாக நின்றபோது ஊர்ப் பெண்கள் அவர் கையில் குழந்தையைக் கொடுத்துத் திருநீறு பூசச் சொன்னதை என் கண்ணால் பார்த்தேன்.

பெட்டிக்காரர் அண்ணா, நான் மதுரையைச் சுற்றி மட்டுமே பார்த்திருக்கிறேன். உங்கள் பக்கத்தில் முழு இரவும் நடக்கும் 'வள்ளி திருமணம்' பார்க்க வேண்டுமானால் எப்போது வர வேண்டும்?


பெட்டிக்காரர் மகன் எழுதியது:

சகோதரி, பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமும் எங்கள் பக்கத்தில் திருவிழாக் காலம். புதுக்கோட்டை, சிவகங்கை மாவட்டங்களில் ஏதாவது ஓர் ஊரில் நாடகம் இல்லாத இரவு அபூர்வம். நோட்டீஸில் வள்ளி, முருகன், நாரதர், பபூன் எல்லோருடைய படமும் ஊரும் போட்டிருக்கும். பெட்டிக்காரர் பெயரையும் பாருங்கள். பெட்டி நன்றாக இருந்தால் நாடகம் நன்றாக இருக்கும்.

வரும்போது ஒரு பாயும் போர்வையும் கொண்டு வாருங்கள். பத்து மணிக்குத் தொடங்கும் என்றால் பத்தரைக்குத் திரை விலகும். முதலில் பபூனும் நடனக்காரரும் வருவார்கள். அப்போதே போய்ப் பெட்டிக்காரர் முகம் தெரியும் இடத்தில் உட்கார்ந்துவிடுங்கள். வள்ளி எந்தப் பாட்டை எடுக்கப்போகிறார் என்பது அவருக்கும் முன்கூட்டியே தெரியாது. வள்ளி வாயைத் திறக்கும் முன் ஒரு நொடி அவரைப் பார்ப்பார். அந்த நொடியில் அப்பாவின் விரல் கட்டையின் மேல் தயாராக இருக்கும். நாற்பது ஆண்டுகளில் அந்தப் பார்வையைத் தவறவிட்டதில்லை என்பதுதான் அவருடைய ஒரே பெருமை.

தர்க்கம் நள்ளிரவுக்கு மேல் வரும். தூங்கிவிடாதீர்கள். கிழக்கு வெளுக்கும்போது திருமணம் முடியும். நீங்கள் பேசிய அக்காவையும் அழைத்து வாருங்கள். நாடகம் முடிந்ததும் எங்கள் வீட்டில் குளித்துவிட்டு, இட்லி சாப்பிட்டுவிட்டு, வெயில் ஏறிய பிறகு பஸ் ஏறலாம். அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.